பக்கெட்டில் பீர் போடப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போடு

டப்பா மால்ட் ஒன்று, வெள்ளை பக்கெட் ஒன்று, மூடியில் குத்தி நிற்கிற பிளாஸ்டிக் ஏர்லாக். நீ அனுப்பின போட்டோவைப் பார்த்ததும் முதலில் சிரிப்புதான் வந்தது. இட்லிக்கு மாவு கரைக்கச் சொன்னால் ஆயிரம் சாக்கு சொல்கிறவள், ஷெஃபீல்டுக்குப் போய் ஆறே மாதத்தில் பீர் போடக் கிளம்பிவிட்டாள்! அப்புறம் போட்டோவின் ஓரத்தில் வரிசையாக நின்ற சதுரக் கண்ணாடி பாட்டில்களைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அதனால்தான் வாய்ஸ் மெசேஜில் அரைகுறையாகச் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். சனிக்கிழமை ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னாய். அதற்குள் முழுக்கப் படித்துவிடு. ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக, கடைசி நிமிஷத்தில் படிக்காதே.

நான் இந்த லீட்ஸ் வீட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். பீர் போட ஆரம்பித்து ஏழு. சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுத் தாத்தா. எங்கள் வரிசை வீடுகளுக்குக் கீழே ஆளுக்கொரு நிலவறை உண்டு, அந்தக் காலத்தில் கரி கொட்டி வைத்த இடம். அவர் நிலவறையில் எப்போது இறங்கினாலும் ஏதோ ஒரு பக்கெட் 'ளொப்... ளொப்' என்று பேசிக்கொண்டிருக்கும். யாரைப் பார்த்தாலும் 'லவ்' என்று கூப்பிடுகிற அசல் யார்க்‌ஷயர் மனுஷர். "பீர் போடுறது ஈஸ்ட். நாம வெறும் பாத்திரம் கழுவுறவங்க, லவ்" என்பார். முதல் இரண்டு தடவை அதை ஜோக் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு காலத்தில் வீட்டில் பீர் போடவே லைசென்ஸ் வேண்டும். 1880-ல் பிரதமர் கிளாட்ஸ்டன் கொண்டுவந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் குடிக்கிற அளவுக்குப் போட்டால் லைசென்ஸும் இல்லை, வரியும் இல்லை. விற்கத்தான் கூடாது. உன் வகுப்பு நண்பர்களிடம் பாட்டிலுக்கு ஒரு பவுண்டு என்று வசூல் பண்ணுகிற யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடு. போட்ட பீரைக் காய்ச்சி வடிக்கிற வேலை இன்னும் பெரிய தப்பு, சொந்த உபயோகத்துக்கென்றாலும் குற்றம்தான். இன்னொன்று, இதெல்லாம் இந்த ஊரோடு சரி. தமிழ்நாட்டில் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது, வீட்டில் மது தயாரித்தால் கேஸ். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் ஈஸ்ட் பாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய் சித்தப்பாவுக்குச் செய்து காட்டாதே.

அம்மா பயப்படுகிறாள். நீ உளறினது அவள் காதுக்குப் போய்விட்டது. "கள்ளக்குறிச்சில நடந்தது தெரியும்ல? வீட்ல காய்ச்சினா விஷமாயிரும்டி" என்று எனக்கு ராத்திரி பத்து மணிக்கு போன். 2024 ஜூனில் அங்கே அறுபது பேருக்கு மேல் செத்தது சாராயத்தில் கலந்த மெத்தனாலால். அம்மா பயம் நியாயமான பயம்தான், ஆனால் இடம் மாறி வந்திருக்கிறது. மால்ட்டும் ஈஸ்ட்டும் போட்டுப் புளிக்க வைக்கிற பீரில் மெத்தனால் துளியூண்டுதான் உண்டாகும், கடை பீரில் இருக்கிற மாதிரியேதான். பழங்களில் இருக்கிற பெக்டினிலிருந்து வருவது அது, தானியத்தில் பெக்டின் சொற்பம். நீ எதையும் வடிக்கப் போவதில்லை, எதையும் கலக்கப் போவதுமில்லை. அந்தக் கதை இங்கே இல்லை.

அதற்காக ஆபத்தே இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டு பீரில் ஆளுக்கு அடிபடுவது மூன்று வழியில்: கொதிக்கிற தண்ணீர், உடைகிற கண்ணாடி, அடைபட்ட வாயு. மூன்றையும் நானே ஒரு தடவையாவது பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட விஷம் இல்லை, எல்லாமே அவசரம்.

சாமான் அதிகம் வாங்காதே. உணவுக்கென்றே செய்த முப்பது லிட்டர் பக்கெட், மூடி, உள்ளே சேர்கிற வாயுவை வெளியே விடுகிற ஏர்லாக், நீளமான பிளாஸ்டிக் கரண்டி, ஹைட்ரோமீட்டரும் அதற்கான உயரமான குடுவையும், பக்கெட்டில் ஒட்டுகிற வெப்பமானி பட்டை, சைஃபன் குழாய், அலசத் தேவையில்லாத வகை சானிடைசர். பெயின்ட் வந்த பக்கெட், உப்பு வந்த பக்கெட் எல்லாம் கழுவினாலும் வேண்டாம். பெரிய கண்ணாடி ஜாடி பார்க்க அழகாக இருக்கும், கண்காட்சியில். இருபது லிட்டர் நிரம்பின கண்ணாடி ஈரக் கையில் வழுக்கினால் தையல் போட ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். உனக்கு முதல் வருஷம் முழுக்க பிளாஸ்டிக் போதும். கையில் பணம் மிச்சமிருந்தால் இன்னொரு பக்கெட் வாங்கு, பாட்டிலில் அடைக்கும் நாளில் வாழ்த்துவாய்.

இப்போது பாத்திரம் கழுவுகிற விஷயம். இதில்தான் நான் நீட்டி முழக்கப் போகிறேன், பொறுத்துக்கொள்.

கழுவுவது வேறு, கிருமி போக்குவது வேறு. அழுக்கின் மேல் சானிடைசரை ஊற்றினால் அழுக்குக்குக் குடை பிடித்த மாதிரி, அடியில் இருக்கிறது அப்படியே இருக்கும். அதனால் முதலில் கழுவு. கம்பி நாரோ பச்சை ஸ்கிரப்பரோ பக்கெட்டில் படவே கூடாது. பிளாஸ்டிக்கில் விழுகிற கீறல் உன் கண்ணுக்குத் தெரியாது, பாக்டீரியாவுக்கு அது தெரு. மெல்லிய துணி போதும். காய்ந்து ஒட்டின கறைக்கு சோடியம் பெர்கார்பனேட் கரைத்த வெந்நீரை ஊற்றி ஊறவிடு, தானாகக் கழன்று வரும். வாசனை போட்ட பாத்திர சோப்பைத் தொடாதே, எலுமிச்சை வாசனை பிளாஸ்டிக்கில் ஏறினால் மூன்று தடவை பீரிலும் எலுமிச்சைதான். கழுவின பிறகு சானிடைசர். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை நிமிஷம் ஈரமாக இருக்க வேண்டும் என்று பாட்டிலிலேயே போட்டிருக்கும். ரசத்துக்கு உப்புப் போடுவது மாதிரி கண்ணளவில் ஊற்றாதே. ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலிலும் அதைக் கரைத்து வைத்துக்கொண்டால் கரண்டி, கத்திரிக்கோல், ஈஸ்ட் பாக்கெட்டின் விளிம்பு என்று எல்லாவற்றிலும் அடிக்கலாம். உன் கையிலும்.

ப்ளீச் மலிவு என்று யாராவது சொல்வார்கள். ப்ளீச்சோடு வினிகரோ, அமில சானிடைசரோ, கழிப்பறை கிளீனரோ சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பக்கெட் கழுவுகிறவளுக்கு அது போதும், நுரையீரல் வெந்துவிடும். ப்ளீச்சை விட்டுவிடு, முடிந்தது கதை.

அப்புறம் அந்தக் குழாய். உன் பக்கெட்டின் அடியில் ஒரு குழாய் இருக்கிறதே, அதைக் கழற்று. என் நாலாவது பீரும் ஐந்தாவது பீரும் அடுத்தடுத்து புளிச்ச மோர் மாதிரி ஆயின. பக்கெட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். ஈஸ்ட்டை மாற்றினேன். கடையில் மால்ட்டைக் குறை சொன்னேன். தாத்தா வந்தார், பக்கெட்டைக் கவிழ்த்தார், குழாயைத் திருகி வெளியே எடுத்தார், இரண்டு துண்டாக இழுத்துப் பிரித்தார். வெளியே பளபள வெள்ளை. உள்ளே, சுழலுகிற துண்டைச் சுற்றி, கண்மை அப்பின மாதிரி ஒரு கறுப்பு வளையம். நகத்தால் சுரண்டினால் வழுவழு. வாடையை எழுத மாட்டேன், நீ சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். ஒவ்வொரு தடவையும் பாட்டிலில் அடைத்த பிறகு பீர் ஒரு சொட்டு அந்த இடுக்கில் தங்கி, அடுத்த பீருக்காகக் காத்திருந்திருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து இழுத்தால் பெரும்பாலான குழாய்கள் பிரியும். ரப்பர் வளையத்தையும் எடுத்துக் கழுவு. மறுபடி மாட்டினதும் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் ஒழுகுகிறதா பார். இருபத்து மூன்று லிட்டர் மால்ட் தண்ணி கார்ப்பெட்டில் இறங்கினால் வாடகை அட்வான்ஸ் திரும்பி வராது.

மால்ட் கரைக்கிற வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். டப்பாவை மூடி திறக்காமல் அடுப்பில் ஏற்றாதே. சிங்க்கில் சூடான தண்ணீர் விட்டு அதில் பத்து நிமிஷம் நிறுத்தினால் தேன் மாதிரி இளகும். திறந்த டப்பாவின் விளிம்பு பிளேடு, துணி போட்டுப் பிடி. டப்பாவோடு வந்த தாளில் எவ்வளவு கொதிநீர், எவ்வளவு சர்க்கரை என்று இருக்கும், பெரும்பாலும் இரண்டு மூன்று லிட்டர் கொதிநீர்தான். பக்கெட்டைத் தரையில் வைத்து ஊற்று, ஸ்டூல்மேல் வேண்டாம், செருப்புப் போட்டுக்கொள். சர்க்கரைக்குப் பதில் உலர் மால்ட் மாவு போட்டால் பீர் தண்ணியாக இருக்காது, இது என் நாக்கின் கட்சி. பச்சைத் தண்ணீர் ஊற்றி அளவுக்கு நிரப்பும்போது கழுத்தில் நாலைந்து லிட்டர் இடம் விடு. நிரப்புவதற்கு முன்னாலேயே பக்கெட் இரண்டு வாரம் எங்கே இருக்கப் போகிறதோ அங்கே கொண்டுபோய் வைத்துவிடு. நிரம்பின பக்கெட் இருபத்தைந்து கிலோ, மாடிப்படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிற சாமான் இல்லை.

ஈஸ்ட் போடுவதற்கு முன்னால் வெப்பமானியைப் பார். 20 டிகிரி பக்கத்தில் இருக்க வேண்டும். 40-ஐத் தாண்டின தண்ணீரில் தூவினால் ஈஸ்ட் செத்துப்போகும், அப்புறம் நீ வேகவைத்த மால்ட்டை வேறு ஏதாவது கிருமி வந்து சாப்பிடும். அதே காரணத்துக்காக, "இன்னைக்குக் கரைச்சு வச்சிட்டு நாளன்னைக்கு ஈஸ்ட் போடலாம்" என்கிற சோம்பேறித்தனமும் வேண்டாம். இனிப்பான, வெதுவெதுப்பான, மூடி வைத்த தண்ணீர் கெட்ட கிருமிகளுக்குக் கல்யாண வீடு. ஈஸ்ட் உள்ளே இறங்கி வேலையை ஆரம்பித்துவிட்டால் சாராயம் ஏறுகிறது, புளிப்பு ஏறுகிறது, ஹாப்ஸ் பூவின் கசப்பு வேறு இருக்கிறது. அதற்கப்புறம் ஆளைப் படுக்கவைக்கிற கிருமி அங்கே வாழ்வது கஷ்டம். கெட்டுப்போன பீர் வாயைக் கெடுக்குமே தவிர பெரும்பாலும் வயிற்றைக் கெடுக்காது.

அம்மா மாவு கரைத்து வைத்தால் குண்டானை எங்கே வைப்பாள் என்று நினைவிருக்கிறதா? மார்கழியில் அடுப்படி ஓரம், சித்திரையில் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் தண்ணீர்த் தட்டில். அதே கணக்குதான். ஏல் வகை ஈஸ்ட்டுக்கு 18-லிருந்து 22 டிகிரி சுகம். மூன்று நாளைக்கு ஈஸ்ட் முழு வேகத்தில் வேலை பார்க்கும்போது பக்கெட் தானே இரண்டு மூன்று டிகிரி சூடாகும், அதையும் கணக்கில் வை. சூடு அதிகமானால் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு காட்டம் ஏறும், மறுநாள் தலைவலியும் இலவசம். குளிர் அதிகமானால் ஈஸ்ட் தூங்கிப்போகும். தூங்குவதுதான் உண்மையான வில்லங்கம், அதற்கு வருகிறேன். ராத்திரி ஹீட்டிங் அணைகிற வீடு என்றால் பக்கெட்டைப் பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு அதில் நிறுத்து, மேலே பழைய ரஜாயைச் சுற்று. தண்ணீர் சட்டென்று சூடாகவோ ஆறவோ செய்யாது. ரேடியேட்டர் பக்கத்தில் மட்டும் வேண்டாம். வெயிலும் படக் கூடாது, ஹாப்ஸ்மேல் வெளிச்சம் பட்டால் பீர் நாறும். கடை பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் வருவது அதனால்தான்.

மறுநாள் நுரை கிளம்பும். வெள்ளையாக வந்து, மேலே பழுப்புச் சேறு மாதிரி அப்பிக்கொள்ளும். பயப்படாதே, இட்லி மாவு பொங்குகிற மாதிரிதான். அந்த நுரை ஏர்லாக்குக்குள் ஏறி அடைத்துக்கொண்டால் மட்டும் கவனி: அடைப்பு இருந்தால் வாயு மூடியைத் தூக்கி அடிக்கும், சமையலறைக் கூரையில் புள்ளிக் கோலம். ஏர்லாக்கை எடுத்துக் கழுவி, சானிடைசர் அடித்து, திரும்ப மாட்டு. மற்றபடி மூடியைத் திறந்து திறந்து எட்டிப் பார்க்காதே.

மூக்கை உள்ளே விட்டு மோந்தும் பார்க்காதே. நான் பார்த்தேன். சுருக்கென்று ஊசி குத்தின மாதிரி கண்ணில் தண்ணீர் வந்து, ஒரு நிமிஷம் மூச்சே பிடிபடவில்லை. ஒரு பக்கெட் பீர் புளித்து முடிவதற்குள் முந்நூறு லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு கக்கும். காற்றைவிடக் கனமான வாயு, பக்கெட்டின் கழுத்தில் குளம் கட்டி நிற்கும். இந்த வாயுவை உட்கார்ந்து ஆராய்ந்த மனுஷர்களில் ஒருவர் எங்கள் லீட்ஸ்காரர், தெரியுமா? ஜோசஃப் பிரீஸ்ட்லி. 1767-ல் இங்கே பாதிரியாராக வந்தவருக்குக் குடியிருக்கக் கிடைத்த வீடு பீர் ஆலைக்குப் பக்கத்தில். புளிக்கிற தொட்டிகளுக்கு மேலே நிற்கிற வாயுவுக்குள் எரிகிற குச்சியையும் மெழுகுவத்தியையும் இறக்குவார், அணைந்துபோகும். அந்த வாயுவைத் தண்ணீரில் ஏற்றிப் பார்த்துத்தான் சோடாத் தண்ணி பிறந்தது, 1772-ல் அதற்குச் செய்முறைப் புத்தகமே போட்டார். நீ இங்கே வரும்போது சிட்டி ஸ்கொயரில் சிலையைக் காட்டுகிறேன். நீ குடிக்கிற கோலி சோடாவுக்கும் கொள்ளுத்தாத்தா அவர்தான். சாதாரண அறையில் ஒரு பக்கெட்டால் ஆபத்து ஒன்றும் வராது, பல நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வரும். காற்றுப் போகாத சின்ன நிலவறையில் நாலு பக்கெட் என்றால் கதை வேறு. கதவைத் திறந்து வை, அங்கே படுத்துத் தூங்காதே, உங்கள் வீட்டுப் பூனை பக்கெட் இருக்கிற இடத்தில் குடியேறாமல் பார்த்துக்கொள். நாய் வளர்க்கிற வீடாக இருந்தால் ஹாப்ஸ் சக்கையை அது வாய் வைக்கிற இடத்தில் கொட்டக் கூடாது, நாய்க்கு அது விஷம்.

இனி ஹைட்ரோமீட்டர். நீ வாங்கவே இல்லை என்று நினைக்கிறேன், போட்டோவில் காணோம். மற்றதெல்லாம் இல்லாமல்கூட ஒப்பேற்றலாம், இது இல்லாமல் ஆரம்பிக்காதே. கண்ணாடிக் குழல், அடியில் கனம், மேலே கோடுகள். தண்ணீரில் விட்டால் 1.000-ல் நிற்கும். சர்க்கரை கரைந்த மால்ட் தண்ணி கெட்டி, அதில் மேலே மிதந்து 1.040 மாதிரி காட்டும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன கீழே இறங்கி 1.010 பக்கம் வந்து நிற்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் சாராயத்தின் சதவீதம்: 0.030 என்றால் நாலுக்குக் கொஞ்சம் குறைவு. பீர் ஆலைக்காரர்களுக்கு இந்தக் கருவியின் அருமையைச் சொல்லிக்கொடுத்ததும் யார்க்‌ஷயர்க்காரர்தான், ஹல் ஊர் ஜான் ரிச்சர்ட்சன், 1784-ல் புத்தகமாகவே எழுதினார். அதற்கு முன்னால் பெரும்பாலானவர்கள் நாக்கையும் அனுபவத்தையும் நம்பி ஓட்டினார்கள். நானும் என் முதல் பீரில் அப்படித்தான்.

அந்தக் கதைக்கு வருகிறேன். டிசம்பர் மாதம். அத்தானின் ஆபீஸ் நண்பர்கள் கிறிஸ்துமஸ் லீவுக்கு வீட்டுக்கு வருவதாக இருந்தது. அதற்குள் பீர் தயாராக இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. ஆறாம் நாள் ஏர்லாக் சத்தம் நின்றது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை, பின்கட்டு அறை ராத்திரியில் 13 டிகிரிக்கு இறங்கி ஈஸ்ட் சுருண்டு படுத்துவிட்டது. ஏர்லாக் பேசாமல் இருந்தால் குளிராக இருக்கலாம், மூடி சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம், வேலை முடிந்தும் இருக்கலாம். அது கடிகாரம் இல்லை. எனக்கு அது தெரியாது. நாற்பது கண்ணாடி பாட்டிலில் அடைத்து, நுரைக்கு வேண்டிய சர்க்கரையையும் போட்டு, பாய்லர் இருக்கிற அலமாரியில் கதகதப்பாக அடுக்கினேன். ஈஸ்ட் விழித்துக்கொண்டது. பக்கெட்டில் தின்னாமல் விட்ட சர்க்கரை, நான் போட்ட சர்க்கரை, இரண்டையும் மூடின பாட்டிலுக்குள் தின்ன ஆரம்பித்தது.

பத்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு வெடித்தது. அத்தான் திருடன் என்று கிரிக்கெட் மட்டையோடு இறங்கினார். அலமாரிக் கதவைத் திறக்கப் போனவரை நான்தான் தோளைப் பிடித்து இழுத்தேன். அடுத்தது, அதற்கடுத்தது என்று மூன்று வெடித்து ஓய்ந்தது. காலையில் பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு பச்சைக் கண்ணாடிச் சில் அலமாரிக் கதவின் உள்பக்க மரத்தில் நட்டுக்குத்தலாக ஏறியிருந்தது, என் முக உயரத்தில். கீழே இருந்த பத்துக் கிலோ பொன்னி அரிசி மூட்டையைப் பொடிச் சில் துளைத்திருந்தது. ஒரு மணி அரிசிகூட மிஞ்சாமல் குப்பைக்குப் போனது. அந்தச் சில்லை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மீதிப் பாட்டில்களைத் தாத்தாதான் அடக்கினார். கதவைச் சாத்து, ஹீட்டிங்கை அணை, ஜன்னலைத் திற, ஒரு நாள் முழுக்க யாரும் கிட்டே போகாதே என்றார். குளிர்ந்தால் வாயு பீருக்குள் கரையும், அழுத்தம் இறங்கும். மறுநாள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தோட்டக் கையுறை, தடித்த கோட்டு, ஒவ்வொரு பாட்டில்மேலும் கனமான துண்டு. ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் மூடியை நெம்பினோம், பீர் கூரை வரை போனது. உனக்கும் இப்படி ஒரு நாள் வந்தால், ஒரு பாட்டில் வெடித்தாலும் எல்லாமே வெடிக்கும் என்று எடுத்துக்கொள். பாட்டிலை வெறுங்கையால் தொடாதே, ஆட்டாதே.

வராமலிருக்க வழி ரொம்பச் சுலபம். இரண்டு வாரம் பொறு. அப்புறம் கொஞ்சம் பீரைக் குடுவையில் பிடித்து, ஹைட்ரோமீட்டரைச் சுழற்றிவிட்டு, ஒட்டின குமிழி போனதும் எண்ணை எழுதி வை. மூன்று நாள் கழித்து மறுபடி பார். அதே எண் என்றால், அது டப்பாத் தாளில் சொன்ன கணக்குக்குக் கிட்டேயும் இருந்தால், முடிந்தது. இறங்கியிருந்தால் மறுபடி காத்திரு. எண் 1.020-லேயே முரண்டு பிடித்தால் பக்கெட்டைக் கதகதப்பான இடத்துக்கு மாற்று, நிற்கிறதே என்று அடைக்காதே. குடுவையில் பிடித்ததைத் திரும்ப பக்கெட்டில் ஊற்றாதே, குடித்துப் பார். சப்பென்று இருக்கும், ஆனால் பீர் என்று தெரியும்.

அடைக்கும் நாளில் பீரை சைஃபனில் இன்னொரு சுத்தமான பக்கெட்டுக்கு மாற்ற வேண்டும். வாயால் உறிஞ்சி ஆரம்பிக்காதே, உன் வாயில் இருக்கிற கிருமிக்குப் பீர் விருந்து. குழாயில் சுத்தமான தண்ணீர் நிரப்பி ஆரம்பிக்கலாம். லிட்டருக்கு ஐந்து கிராம் கணக்கில், 23 லிட்டருக்கு 115 கிராம் சர்க்கரையைத் தராசில் நிறுத்து, கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, இரண்டாவது பக்கெட்டின் அடியில் முதலில் ஊற்றிவிடு. மேலே பீர் இறங்கும்போது தானே கலக்கும். இரண்டாவது பக்கெட் இல்லையென்றால் அரை லிட்டர் பாட்டிலுக்குத் தலை தட்டின அரை டீஸ்பூன். யார் சர்க்கரை போடுகிறார்கள் என்று முன்கூட்டியே பேசிவையுங்கள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் இரண்டு பேர் போட்டால் மறுபடி என் அலமாரிக் கதைதான்.

முதல் இரண்டு தடவையும் பிளாஸ்டிக் பீர் பாட்டிலில் அடை. விரலால் அமுக்கிப் பார்த்தே உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். கல் மாதிரி ஆனதும் குளிர்ந்த இடத்துக்கு மாற்று. வெடித்தாலும் கிழியும், சில் பறக்காது. கண்ணாடிதான் வேண்டும் என்றால் பீருக்கென்றே செய்த தடித்த பாட்டில், விளிம்பில் கீறல் இல்லாதது. ஒயின் பாட்டில், ஜாம் பாட்டில் எதுவும் ஆகாது. சதுரம் ஆகவே ஆகாது, அழுத்தம் உருண்டையில் சமமாகப் பரவும், சதுரத்தில் தட்டையான பக்கத்தையும் மூலையையும் பிடித்து உடைக்கும். கழுத்தில் இரண்டு விரல் இடம் விட்டு அடைத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடுக்கு. இரண்டு வாரம் கதகதப்பில், இரண்டு வாரம் குளிரில். பாட்டிலில் தேதியை எழுது.

எதைக் கொட்டுவது, எதைக் குடிப்பது? பஞ்சு மாதிரி பச்சை, கறுப்புப் பூஞ்சை மிதந்தால் கொட்டு, மேலோட்டமாக வழித்துவிட்டுக் குடிக்காதே. வினிகர் வாடை அடித்தால் கொட்டு. சில ஈஸ்ட் புளிக்கும்போது முட்டை வாடை அடிக்கும், அது தானே போய்விடும். அடியில் வண்டல் இருக்கும், வெறும் ஈஸ்ட். ஊற்றும்போது ஒரே மூச்சில் சாய்த்து, கடைசி அரை அங்குலத்தை பாட்டிலிலேயே விட்டுவிடு. குடித்தாலும் ஆபத்தில்லை, மறுநாள் வயிறு மட்டும் கோயில் மணி அடிக்கும்.

அளவும் சொல்லிவிடுகிறேன், அம்மா சார்பில். நாலு சதவீத பீர் அரை லிட்டர் என்றால் இரண்டு யூனிட். வாரத்துக்கு 14-ஐத் தாண்டாதே என்கிறது இந்த நாட்டு சுகாதாரத்துறை. அதாவது ஏழு பாட்டில், அதுவும் ஒரே சனிக்கிழமையில் இல்லை. நாற்பது பாட்டில் வீட்டில் இருக்கிறதே என்று கணக்குப் போடாதே.

ஹைட்ரோமீட்டரை வெள்ளிக்கிழமைக்குள் வாங்கிவிடு. இரண்டாக வாங்கு, மேஜையிலிருந்து உருண்டு விழுந்து ஒன்று உடையும், எல்லார் வீட்டிலும் உடைந்திருக்கிறது. அந்தச் சதுர பாட்டில்களில் மணி பிளான்ட் வை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீடியோ காலில் வருவேன். மால்ட் டப்பாவைக் காட்ட வேண்டாம், குழாயைக் கழற்றிக் காட்டு.